இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனுக்காகத் தேயிலைக் காணியை எடுக்கலாமா?

டிக்கோயாக்காரி:
எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. 1884இல் ரயில் வந்தபோது தேயிலைப் பெட்டி ஏற்றவும் அரிசி மூட்டை இறக்கவும் வளர்ந்த தெரு இது. இன்று பஸ், வங்கி, டியூஷன் பிள்ளைகள், மருந்துக்கடை எல்லாம் அதே தெருவில்தான் நெரிகின்றன. சுற்றிலும் தோட்டம், டவுன் எங்கே போகும்? 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் தனியாருக்குப் போனது நிர்வாகம்தான், நிலம் அரசிடமே இருக்கிறது. மனம் இருந்தால் எடுக்கலாம்.

மஸ்கெலியாக்காரன்:
எடுக்கலாம் அக்கா, எடுத்த பிறகு அது யார் கைக்குப் போகும்? காசு உள்ளவன் சரிவைச் செங்குத்தாக வெட்டி நாலு மாடி எழுப்புவான். தேயிலை வேரையும் பிடுங்கிவிட்டால் மழைக்கு மண் நிற்குமா? 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறந்துவிட்டோமா?

டிக்கோயாக்காரி:
மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயம், தம்பி. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு காணி இல்லாமல்தான் சனம் அங்கேயே கிடந்தது. காணியை விடாமல் வைத்திருந்ததால் வந்த சாவு அது.

தலவாக்கலையிலிருந்து:
மஸ்கெலியா தம்பி, உங்கள் ஊரையே பாருங்கள். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்காக 1969இல் பழைய டவுனைத் தண்ணீருக்குள் விட்டு, மேட்டில் புது டவுன் கட்டினார்கள். நீர் வற்றினால் பழைய கோயில் இன்றும் தெரிகிறது. எங்கள் பக்கம் 2012இல் மேல் கொத்மலைத் திட்டம், 150 மெகாவாட். அதற்காகவும் குடும்பங்களை எழுப்பிப் புது வீடுகளில் குடியேற்றினார்கள். மின்சாரம் என்றால் காணி கிடைக்கிறது.

மஸ்கெலியாக்காரன்:
சரி அண்ணே, அதை ஏற்கிறேன். ஆனால் முதல் பங்கு லயத்துக் குடும்பங்களுக்கு. அவர்களுக்கு 7 பேர்ச்சா 10 பேர்ச்சா (ஏக்கருக்கு 160 பேர்ச்) என்று பேரம் பேசிவிட்டு, கடைத்தொகுதிக்கு ஏக்கர் கணக்கில் கொடுப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதுவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் இல்லை என்று சொல்லும் இடத்தில் மட்டும்.

டிக்கோயாக்காரி:
முதல் பங்கு அவர்களுக்கே, அதில் எனக்கு மறுப்பில்லை. எங்கே கொடுப்பது என்பதில்தான் ஒத்துவரவில்லை. தோட்டத்துக்கு உள்ளேயே தனி வீடு கட்டிக் கொடுத்தால், ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் பழைய தூரமே நடக்க வேண்டும். டவுன் ஓரமாக, சொந்தப் பெயரில் காணி உறுதிப் பத்திரத்தோடு கொடுக்கட்டும். கடையும் அவர்களே போடட்டும்.