மறு: தாதியர் வினாத்தாளில் ‘நபர் மையப் பராமரிப்பு’

வணக்கம்.

> ‘முதுமை மறதிக்கான நபர் மையப் பராமரிப்பு: தாதியர் அறிவு அளவுகோல்’ என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. ‘அளவுகோல்’ இருக்கட்டும். ‘முதுமை மறதி’, ‘நபர் மையம்’ இரண்டும் உதைக்கும்.

இத்தகைய வினாத்தாள்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: நீங்கள் ‘முதுமை மறதி’ என்று சொல்லும் டிமென்ஷியா வயதானால் இயல்பாக வருவது, சரியா தவறா? விடை, தவறு. மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது அது. 65 வயதுக்குக் கீழேயும் வரும். அந்த இடத்தில் ‘முதுமை மறதி’ என்று போட்டால் கேள்வியே தாதியைத் தவறான விடைக்குத் தள்ளிவிடும். அப்புறம் நாம் அளப்பது யாருடைய அறிவை? அக்கா சொன்ன ‘அறிவுச் சிதைவு’ம் ஒத்துவராது. மனச்சிதைவு என்று ஸ்கிசோஃப்ரினியாவைச் சொல்கிறோம், இரண்டும் குழம்பும். ‘மறதிநோய்’ போதும் என்பேன். மறதி மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லைதான், ஆனால் ‘நோய்’ விட்டுப்போகக் கூடாது. ஜப்பானில் 2004இல் புத்தி மழுங்கியவர் என்று ஒலித்த பழைய பெயரை மாற்றியபோதும், புதுப் பெயரின் கடைசியில் நோயைக் குறிக்கும் எழுத்தைத்தான் வைத்தார்கள்.

அடுத்து ‘நபர் மையம்’ (person-centred). மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மையம் என்றால் கட்டடம்: டியூஷன் மையம், டயாலிசிஸ் மையம். முதியோர் இல்லத்து மிஸ்ஸி (தாதி) ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “புதுசா தொறக்கிறாங்களா? எங்க?” என்றார்.

இந்தப் பராமரிப்பு முறையை முன்வைத்தவர், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் டாம் கிட்வுட். அவர் சொன்னது, நோயைவிட ஆளைப் பெரிதாகப் பார் என்பதுதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) நேரமாகிவிட்டது என்று வாளியைத் தேடுகிறார். அதட்டிப் படுக்கவைத்துக் கதவைச் சாத்துவது ஒரு வகை. “எந்தத் தோட்டம் பாட்டி? எத்தனை மரம் உங்களுக்கு?” என்று பேச்சுக் கொடுத்து, ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) கலக்கிக் கொடுத்து உட்காரவைப்பது இன்னொரு வகை. இதற்குப் பாட்டி யாரென்று தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: ‘ஆளறிந்த பராமரிப்பு’. பாரபட்சம் போல ஒலிக்கிறதே என்று யாராவது கிளம்புவார்கள். ‘ஆள் பார்த்து’ என்றால்தான் அப்படி, ‘ஆளறிந்து’ அப்படியில்லை.

இன்னொன்று. விடைக் கட்டங்களில் ‘தெரியாது’ என்பதையும் சேருங்கள். இல்லையென்றால் குருட்டாம்போக்கில் போட்ட டிக்கும் அறிவுக் கணக்கில் ஏறிவிடும்.