ஆசாரியிடம் கட்டில் செய்தால் நிஜமாகவே மிச்சமா?

இழைப்புளி:
"ஆசாரியிடம் சொல்லிச் செய்தால் பாதி விலை" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என் கணக்கைப் போடுகிறேன். ஆறரை அடிக்கு 5 அடி கட்டில். தேக்கு 6 கன அடி, கன அடி 3,200 வீதம் 19,200. கூலி 9,000, பாலிஷ் 4,000, வண்டி 800. ஆக 33,000 ரூபாய். இதே மாதிரிக்குக் கடையில் 52,000 சொன்னார்கள். பாதி இல்லைதான், ஆனாலும் 19,000 சும்மாவா?

வாடகைவாசி:
மரவாடிக்கு அலைந்த நாளையும் கணக்கில் சேருங்கள் சார். எங்கள் ஆசாரி பத்து நாளில் தருகிறேன் என்றார். நடுவில் இரண்டு முகூர்த்தம், ஒரு கோயில் கொடை. இரண்டரை மாதம் ஆகிவிட்டது. வந்த கட்டில் ஐந்தரை அடி அகலம்! "தாராளமா இருக்கட்டும்னு போட்டேன்" என்கிறார். கடையில் ரெடியாகக் கிடைப்பது 5 அடி, 6 அடி மெத்தைதான். அளவு கொடுத்து மெத்தை தைத்ததில் மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று.

இழைப்புளி:
மெத்தையை முதலில் வாங்கி, அதை அளந்தல்லவா கட்டில் செய்யச் சொல்ல வேண்டும்? என்னுடையது 78க்கு 60 அங்குல மெத்தை. சட்டத்துக்கு உள்ளளவு அரை அங்குலம் கூட வைத்து, தாளில் எழுதியே கொடுத்தேன்.

கணக்குப்பிள்ளை:
கட்டிலை விடுங்கள், ப்ளைவுட் அலமாரியில்தான் பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 7 அடி உயரம், 5 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால், பலர் முன்பக்கத்தை மட்டும் 35 சதுர அடி என்று அளந்து விலை சொல்வார்கள். உள்ளே எத்தனை தட்டு, என்ன பலகை என்பது அவர்கள் இஷ்டம். பக்கங்கள், நடுத்தடுப்பு, மேல், கீழ், ஆறு தட்டு, கதவு எல்லாம் கூட்டினால் 127 சதுர அடி. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 32 சதுர அடி. வெட்டுச் சேதாரத்தோடு ஐந்து ஷீட். பின்பக்கத்துக்கு மெல்லிசாகத் தனியே வாங்க வேண்டும். ஷீட்டை நாமே வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே 303 என்று இருக்கிறதா, 710 என்று இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு 710, படுக்கையறைக்கு 303 போதும்.

வாடகைவாசி:
சரி, இரண்டு வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிற நான் அந்த அலமாரியை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

கணக்குப்பிள்ளை:
வாடகை வீட்டில் சுவரோடு அடிக்கச் சொல்ல மாட்டேன். அதற்குக் கடைச் சாமான்தான்.

தென்காசிக்காரன்:
யாருமே மரத்தைப் பற்றிப் பேசவில்லையே! எங்களுக்குச் செங்கோட்டை அறுப்பு மில்கள் பக்கம், தினமும் பார்க்கிறோம். ஒரு அங்குலப் பலகையை இரண்டு பக்கமும் இழைத்தால் முக்கால் அங்குலம்தான் நிற்கும். காசு என்னவோ ஒரு அங்குலத்துக்கு. தேக்கில் நடுவில் இருக்கும் வைரம்தான் நிற்கும், ஓரத்து வெள்ளையைப் பூச்சி அரிக்கும். கலர் ஏற்றிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி. இழைப்புளி அண்ணே, பாலிஷ் போடுமுன் பார்த்தீங்களா?

இழைப்புளி:
இப்போதுதான் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் பாலிஷே போடவில்லை. இரண்டு குறுக்குச் சட்டத்தில் ஓரமெல்லாம் வெள்ளை.

வாடகைவாசி:
கூலியில் பாக்கி ஏதும் வைத்திருக்கிறீர்களா?

இழைப்புளி:
இல்லை சார். மேலே ஐந்நூறு சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன்.