மறுமொழி: சிலந்திக் கண்ணின் பின்படலத்துக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டுக்கு அருகே நான் கற்பிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான சிலந்திக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அதில் ஒரு சொல்லுக்கான இடம் இன்னும் வெற்றாக நிற்கிறது. ஓநாய்ச் சிலந்தியின் விழித்திரைக்குப் பின்னால் இருந்து, உள்ளே வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் படலத்தின் பெயர் அது. இலத்தீனில் 'டபீட்டம் லூசிடம்', அதாவது ஒளி பொருந்திய விரிப்பு, என்கிறார்கள். 'டபீட்டம்' என்றே எழுதிவிடலாம் என்ற அன்பர், தாவரவியலில் மகரந்தப்பையின் உள்ளடுக்குக்கும் அதே பெயர் வழங்குவதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அரூர் ஐயா முன்வைத்த 'ஒளிர்படலம்' காதுக்கு இனிமையானது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒளிர்வது மின்மினி, சிலந்தியின் கண் ஒளிர்வதில்லை. சென்ற வாரம் இரவில் கேழ்வரகுக் கொல்லை வரப்பில் பிள்ளைகளை நிறுத்தி, டார்ச் விளக்கை இடுப்பளவில் பிடிக்கச் சொன்னபோது புல்லும் மண்ணும்தான் தெரிந்தன. அதே விளக்கைப் புருவத்தோரம் வைத்துப் பார்க்கச் சொன்னதும், பத்தடிக்கு அப்பால் நீலப்பச்சைப் பொறிகள் தெரிந்தன. பனித்துளி என்றாள் ஒரு சிறுமி. அருகே போய்க் குனிந்தோம். முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்தபடி ஒரு தாய்ச்சிலந்தி. ஒளி போன வழியிலேயே திரும்புவதால்தான் விளக்கும் நம் கண்ணும் ஒட்டி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் அங்கேயே புரிந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம் 'ஒளிர்' என்று கொடுத்தால், கண்ணால் கண்டதைச் சொல்லே அழித்துவிடும்.

கிருஷ்ணகிரிப் புலவர் ஐயாவின் 'விழியாடி' அழகான சொல். 'கண்ணாடி' என்பதே கண்ணும் ஆடியும் சேர்ந்தது என்று தொடங்கி, 'நிழல்' என்பதற்கு ஒளி என்ற பொருளும் பழைய வழக்கில் உண்டு என்பது வரை மூன்று மடல்களில் அவர் விரித்ததைப் படிக்கப் படிக்க இனித்தது. ஆடி என்றால் பிள்ளைகள் ஒகேனக்கல் ஆடிப்பெருக்கைத்தான் நினைப்பார்கள் என்ற ஓசூர் அம்மையாரின் தடை நிற்காது. குழியாடியும் குவியாடியும் இயற்பியல் பாடத்திலேயே உள்ளன. என் தயக்கம் வேறு. ஆடி என்றதும் வழவழப்பான முழுப்பரப்பு ஒன்று மனத்தில் எழுகிறது. ஓநாய்ச் சிலந்தியிலோ அது குவானின் என்னும் வேதிப்பொருளின் படிகங்களால் ஆன, சன்னல் கம்பிகளைப் போன்ற பட்டைகளின் வரிசை. மினுங்குவதும் அதன் வேலையன்று. முதல் முறை பிடிபடாமல் தப்பிய ஒளியை மறுமுறையும் விழித்திரையின் உணர்செல்கள் வழியே செலுத்தி, மங்கிய இரவிலும் பார்வைக்கு உதவுவதே அதன் வேலை. நாம் காணும் மினுக்கம், அப்போதும் பிடிபடாமல் வெளியேறிய மிச்சம்.

'படிக விரிப்பு' என்றும் வைக்க இயலாது. மாட்டின் கண்ணிலும் இதே படலம் உண்டு. அங்கே அது படிகமன்று, நார்.

ஆகவே 'மீளொளிப் படலம்' என்பதையே நான் வேண்டுகிறேன். பெரும்பாலோர் விரும்பும் 'எதிரொளிப் படலம்' பிழையானதன்று. எனினும் சுண்ணாம்புச் சுவரும் ஒளியை எதிரொளிக்கவே செய்கிறது. 'மீள்' என்பதில் திரும்புதலும் மறுபடி வருதலும் சேர்ந்தே கிடக்கின்றன; வினைத்தொகையாதலால் மீண்ட, மீள்கின்ற, மீளும் ஒளி மூன்றும் அதில் அடங்கும். புலவர் ஐயா இதற்கு உடன்படவில்லை என்பதை அறிவேன். அவருடைய சொல்லையும் அடிக்குறிப்பில் தருகிறேன்.

இன்னொன்று மீதமிருக்கிறது. எட்டுக் கண்களில் முன்வரிசையின் நடு இரண்டுக்கு மட்டும் இப்படலம் கிடையாது. அவற்றை 'முதன்மைக் கண்கள்' என்று எழுதியிருக்கிறேன். ஓநாய்ச் சிலந்தியில் அவை பின்கண்களைவிடச் சிறியவை. சிறியது எப்படி முதன்மையாகும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வேறு சொல் தோன்றினால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.