ஜாஸ் எல்பி (ஊசி வைத்துக் கேட்கும் இசைத்தட்டு): இந்த வாரம் என்ன ஓடுகிறது, பழைய பிரதிக்கு அவ்வளவு காசு தகுமா?

காட்பாடி ஊசிமுனை:
இந்த வாரம் முழுக்க என் டர்ன்டேபிளில் ஹார்ப் வாசிக்கும் ஆலிஸ் கோல்ட்ரேன்தான். 1971இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. பெயரில் இருப்பவர் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா போன சுவாமி சச்சிதானந்தா. தம்பூரா சுருதியின் மேல் செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதற்கு மேல் ஹார்ப் வந்து கொட்டுகிறது. ஃபேரோ சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸை எடுத்ததும், நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது உடனே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வாங்கப் போகிறேன். சென்னையில் ஒருவரிடம் அறுபதுகளில் கொலம்பியா கம்பெனி அடித்த பிரதி இருக்கிறது, விலை அதிகம்தான். புதுப் பதிப்பை வாங்கச் சொல்லாதீர்கள். 1959இல் வந்த இசையை அந்தக் காலத்துத் தட்டில்தான் கேட்க வேண்டும், போனில் கேட்டதெல்லாம் கேட்ட கணக்கில் சேராது என்பது என் கட்சி.

சத்துவாச்சாரி ஆம்ப்ளிஃபயர்:
வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் சார். அந்தப் பழைய பிரதியில் முதல் பக்கம் தப்பான வேகத்தில் இருக்கிறது. 1959 மார்ச் 2ஆம் தேதி நியூயார்க்கில் பதிவு நடந்தபோது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? பாட்டு வேகம் கூடும், சுருதி ஏறும். 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்' மூன்றும் அப்படித்தான் வெளிவந்தன. 1992இல்தான் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு டேப்பை எடுத்துத் திருத்தினார்கள். கீபோர்டை வைத்துக்கொண்டு பழைய தட்டோடு கூட வாசித்துப் பாருங்கள், சேராது. மைல்ஸ் வாசித்தது உங்களுக்கு வேண்டுமா, மெஷின் கெடுத்தது வேண்டுமா? அதற்கு இவ்வளவு காசு வேறு.

காட்பாடி ஊசிமுனை:
அந்தக் கதை தெரியும் நண்பரே, தெரிந்துதான் வாங்குகிறேன். 33 வருஷம் உலகம் கேட்டது அந்தச் சுருதியைத்தான். எத்தனை பேர் அந்தத் தட்டோடு கூடவே வாசித்து ஜாஸ் படித்தார்கள், அவர்கள் எல்லாருக்கும் 'சோ வாட்' என்றால் அதுதானே. எனக்கு அந்த வரலாறும் சேர்ந்து வேண்டும்.

அப்புறம், எல்பி என்றால் சத்தம் மட்டுமில்லை. சாக்ஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' எடுத்துக்கொள்ளுங்கள், 1964 டிசம்பரில் பதிவானது. நான்கு பகுதி, பக்கத்துக்கு இரண்டு. கடைசிப் பகுதி 'சாம்'. அட்டையைப் பிரித்தால் உள்ளே கோல்ட்ரேன் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கும். அந்தக் கவிதையைத்தான் அவர் சாக்ஸில் சொல்லிச் சொல்லி வாசிக்கிறார். தாளக்கட்டு இல்லாமல் வரி வரியாக நிறுத்தி, நம்ம ஊரில் கச்சேரி முடிவில் விருத்தம் பாடுவார்களே அது மாதிரி. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் விரலை ஓட்டிப் பாருங்கள், டிரம்மர் எல்வின் ஜோன்ஸின் டிம்பனி என்ற பெரிய முரசு உருளும் இடத்தில் எந்த வரியில் நிற்கிறோம் என்று தெரியும். போன் திரையில் தபால்தலை அளவுக்கு அட்டைப்படத்தைக் காட்டினால் இது எங்கிருந்து கிடைக்கும்?

ஆம்பூர் நிழல்:
ரெண்டு பேரும் சண்டை போடுங்கள், நடுவில் ஒரு எச்சரிக்கை. பழையதோ புதியதோ, ஏப்ரல் மே மாதத்தில் கூரியரில் வரவழைக்காதீர்கள். நம்ம மாவட்டத்தில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், மூடிய வேனுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். எனக்கு வந்த 'சக்தி' இசைக்குழுவின் முதல் எல்பி, 1976இல் வந்தது, ஜான் மெக்லாஃப்லினோடு எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம், ராகவன் எல்லாம் இருப்பது, ஓரம் அலை மாதிரி வளைந்து வந்து சேர்ந்தது. ஊசி ஏறி இறங்கும்போது கடம் நடுங்குகிறது. நேரில் போய் வாங்கி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டிலும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் வைக்க வேண்டாம், படுக்கப் போட்டு அடுக்கவே கூடாது, நேராக நிற்கட்டும்.

சத்துவாச்சாரி ஆம்ப்ளிஃபயர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். வெயில், தூசி, ஊசித் தேய்மானம், இத்தனையும் தாண்டி ஒரு பொருளைக் காப்பாற்றினால்தான் பாட்டு என்றால் நம்ம ஊரில் எத்தனை பேரால் ஜாஸ் கேட்க முடியும்? ஒரு வெளிநாட்டு எல்பி காசில் போனில் பாட்டுக் கேட்கும் ஆப்புக்கு ஒரு வருஷச் சந்தா கட்டி, மங்க் முதல் மிங்கஸ் வரை எல்லா ஜாஸ் கலைஞர்களையும் கேட்கலாம். இங்கே படிக்க வரும் பிள்ளைகள் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு கேட்கிறார்கள், அது கேட்ட கணக்கில் சேராது என்று சொல்வது அநியாயம்.

காது கண்டுபிடித்துவிடும் என்பீர்கள். 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற எல்பி கம்பெனியின் விவகாரம் வெளியே வந்ததே. அசல் டேப்பிலிருந்து நேராக வெட்டியது என்று நம்பி ஏகப்பட்ட காசு கொடுத்து வாங்கிய தட்டுகளில் பல வருஷமாக நடுவே டிஜிட்டலாக மாற்றும் ஒரு கட்டம் இருந்திருக்கிறது. டிஜிட்டல் என்றாலே முகம் சுளிக்கும் ஆட்கள்தான் அவற்றுக்கு மார்க் போட்டார்கள், யாரும் காதால் பிடிக்கவில்லை. ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் தட்டுகளில் பாதிக்கு மேல் மக்கள் கொண்டாடுவது ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் வேலையை. அவரே டிஜிட்டல் வந்ததை வெளிப்படையாக வரவேற்றவர், எல்பி போனதில் அவருக்கு வருத்தமே இல்லை.

ராணிப்பேட்டை தோடி:
ஊசிமுனை சார், சத்துவாச்சாரி சார், ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமல், நேராக ஆக்ஸ் என்ற சாதாரண துளையில் சொருகிக் கேட்டுவிட்டு எல்பி சத்தம் சப்பென்று இருக்கிறது என்பவர்களை நம்ம பக்கம் நிறையப் பார்க்கிறேன். தட்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் இருபது நிமிஷம் கொள்ளாது. அதைத் திருப்பிச் சரிசெய்வதுதான் ப்ரீஆம்பின் வேலை. அதைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்வது நியாயமா? அதே மாதிரி, வான் கெல்டருக்குப் பிடித்தது அவருக்கு. அவர் வெட்டிய தட்டு நமக்குப் பிடித்தால் அது நம் காது.

என் வீட்டில் இந்த வாரம் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா'. 1958இல் இந்தியா உட்படப் பல நாடு சுற்றிய பிறகு செய்தது, 'கல்கட்டா ப்ளூஸ்' அதில்தான். ஜோ மொரெல்லோ டிரம்ஸைக் கையால் தட்டுகிற இடத்துக்காகவே போடுகிறேன்.

காட்பாடி ஊசிமுனை:
ஹாஸ்டல் பிள்ளைகள் கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் எல்லாம் கையில் இருக்கும்போது அரை நிமிஷத்தில் அடுத்ததற்குத் தாவுகிறோம். எழுந்து போய்த் திருப்ப வேண்டும் என்பதாலேயே ஒரு பக்கம் முழுதாக உட்கார்ந்து கேட்கிறேன். அது எனக்குப் பெரிசு. கைண்ட் ஆஃப் ப்ளூ விஷயத்திலும் இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22இல் பதிவானது, பழைய பிரதியிலும் வேகம் சரியாகத்தான் இருக்கிறது. வாங்குகிறேன்.

சத்துவாச்சாரி ஆம்ப்ளிஃபயர்:
சரி, வாங்குங்கள், எனக்கு உடன்பாடில்லை. காசு கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். விற்பவர் 'சோ வாட்' போட்டுக் காட்டுவார், அதைக் கேட்டு முடிவு பண்ணாதீர்கள். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, லேபிள் பக்கம் வந்தால் 20 சொச்சம்தான். தேய்ந்த தட்டு உள்பக்கத்தில்தான் மாட்டும். இரண்டாம் பக்கம் 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்', அதிலும் கோல்ட்ரேன், ஆடர்லி இருவரின் சாக்ஸ் முடிந்து பில் எவன்ஸ் பியானோ வரும் இடத்தைப் போடச் சொல்லுங்கள். மெதுவாகத் தொட்ட நோட்டு கரகரவென்று உடைந்தால் பாதி விலைக்குக்கூட வேண்டாம்.