தாகம் கொண்ட காகம்: தண்ணியா நடிக்கிறது யாரு? (வகுப்பறை அசைவுக் கதை அனுபவங்கள்)

சாக்பீஸ்: ரெண்டாம் வகுப்பு. கதை எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். பன்னிரண்டு பேர் கைகோத்து வட்டமா நின்னா பானை. உள்ளே குத்துக்கால் போட்ட ஆறு பேர் தண்ணி. வெளியே ஆறு பேர் கல்லு, ஒருத்தன் காகம். கஞ்சிராவுல ஒரு தட்டு விழுந்தா ஒரு கல் உள்ளே போய் உட்காரணும், தண்ணி கொஞ்சம் ஏறணும். முதல் தட்டுக்கே தண்ணி முழுக்கத் துள்ளி எழுந்துடுச்சு. ஒரு பொண்ணு மட்டும் அசையல. "ஒரு கல்லுக்கு இவ்ளோ தண்ணி எப்படி டீச்சர் வரும்?" அதோட கதை நின்னுபோச்சு, எத்தனை கல்லுன்னு ஒரே சண்டை.

கூத்துப்பட்டறை வாசல்: பிள்ளைங்க மேல தப்பே இல்ல. தட்டுனா துள்ளத்தான் செய்வாங்க. கஞ்சிராத் தோலை உள்ளங்கையால தேய்ங்க, சத்தம் இழுபடும், உடம்பும் மெதுவா எழும். ஒவ்வொரு கல்லுக்கும் எவ்வளவு உயரம்னு முன்னாடியே சொல்லிடணும். முதல் கல்லுக்குத் தலை நிமிரும், ரெண்டாவதுக்கு முதுகு. மூணுக்கு முட்டி போட்டு நிற்கணும், நாலுக்கு அரைக்குனிவு, அஞ்சுக்கு நேரா. ஆறாவதுக்குக் கை மேலே போகும், விரல் நுனியிலதான் காகம் குடிக்கும்.

சலங்கை: அரைக்குனிவுல ஏழு வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கும்? நாலு எண்ணிக்கை தாண்டினா ஆடும், பக்கத்துல இருக்கிறவன் மேல சாயும், பானை உடையும். அந்தப் படியை வேகமாக் கடந்துடுங்க.

சலங்கை: நீங்க கேட்காட்டியும் இன்னும் கொஞ்சம் சொல்றேன், முத்திரையில ஆரம்பிக்காதீங்க. அபிநய தர்ப்பணம்ங்கிற பழைய நாட்டிய நூல்ல ஒற்றைக் கை முத்திரை 28 இருக்கு, அதெல்லாம் அப்புறம். மானாட்டம் நடிக்கச் சிம்மமுகம்ங்கிற முத்திரையைப் பிடிக்கச் சொன்னா கண்ணு விரல்லயே நின்னுடும், கால் செத்துப்போகும். முதல்ல காது விடைக்கட்டும், கழுத்து திரும்பட்டும், ஒரு பாய்ச்சல் வரட்டும். கை கடைசியில. சாக்ஸ் போட்டு ஆட விடாதீங்க, சிமெண்ட் தரை வழுக்கும். வெறுங்காலா இருந்தா மணலைப் பெருக்கிட்டு ஆரம்பிங்க. பெஞ்சைச் சுவரோரம் தள்ளினா பத்தடி வட்டம் கிடைக்கும், 25 பேருக்கு அது போதும். "சிலை"ன்னா அப்படியே உறையணும். கதைக்கு முன்னாடியே அதை மட்டும் தனியா நாலஞ்சு தடவை பழக்கிடுங்க. வெட்கப்படுற பிள்ளை கையில கஞ்சிராவைக் குடுங்க. கதையை டீச்சர் சொல்லவே கூடாது, கூத்துல கதையை எடுத்துச் சொல்ற கட்டியக்காரன் மாதிரி ஒரு பிள்ளையை விடுங்க, காட்சிக்கு ஒரு வரி போதும். டீச்சர் பேசினா எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிடும்.

மூணு பி: காகமா வர எங்க வகுப்புல அடிதடி. இதையே பாட்டு போட்டு ஆண்டு விழாவுல ஏத்தலாமா சலங்கை மேடம்?

கூத்துப்பட்டறை வாசல்: பாட்டு எட்டு எட்டா ஓடும், கல்லு ஆறுதான் இருக்கு. மிச்ச ரெண்டு எண்ணிக்கைக்கு மேடையில என்ன பண்ணுவாங்க, ஸ்டெப்பா?

சலங்கை: ரெண்டு காகம் கூட்டிக்கோங்க சார், சிறகடிச்சு ஒரு சுத்து வரட்டும். அவங்க அடிதடியும் தீரும்.