புதுப்பிப்பு: கறுப்புக் காருக்கு எந்த மைக்ரோபைபர் துவாய்?

கல்லடிக் கடற்கரைக்குக் கிட்ட நிற்கும் என் கறுப்புக் காரைத் துடைத்தால் வெயிலில் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது, எந்த மைக்ரோபைபர் (மிக நுண்ணிய செயற்கை இழைத்) துவாய் வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

துவாயை விட மணல்தான் பெரிய பிரச்சினை. கடற்காற்றில் வரும் நுண்மணலும் உப்பும் மேலே இருக்கும்போது எவ்வளவு மென்மையான துவாயும் அதை இழுத்துத்தான் தேய்க்கும். ஆகவே முதலில் தண்ணீர் அடித்து, ஷாம்பூ போட்டுக் கழுவி, அப்புறம்தான் துவாய்.

ஈரம் ஒற்ற 500 ஜிஎஸ்எம்முக்கு மேல் தடித்ததும், மெழுகு துடைக்க 350 அளவில் மெல்லியதும் வாங்கினேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதுதான். கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம், கண்ணாடிக்குத் தடித்தது சரிவராது. ஓரத்தில் தையல் இல்லாததாகப் பாருங்கள். லேபலை வெட்டி எறிந்துவிடுங்கள், அதுவும் கீறும்.

துவாயைக் கழுவும்போது சாரம், பருத்தித் துணிகளோடு சேர்க்கக்கூடாது. பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். மணமூட்டும் மென்மையாக்கியும் வேண்டாம், இழைகளில் படிந்து நீர் உறிஞ்சவிடாது. சூடான இஸ்திரிக்கை காட்டவே கூடாது. மணல் பறக்கும் முற்றத்தில் போடாமல் விறாந்தைக்குள் காயவிடுகிறேன். சில்லு துடைக்கும் துவாய் வேறு நிறம், அது கதவுப் பக்கமே வராது.

புதிதாகக் கீறல் விழவில்லை. பழையது அப்படியேதான் இருக்கிறது, அதற்குப் பொலிஷ் அடிக்க வேண்டும். மட்டக்களப்பு, காத்தான்குடிப் பக்கம் அவசரப்படாமல் செய்யும் ஆட்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்.