முதுநிலை இன்டீரியர் டிசைன் படிப்பை இணையவழியில் படிப்பது சரிவருமா?

கிடைக்கோடு எழுதியது:

வணக்கம். கணிதத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற நான், ஐந்தாண்டுகளாகச் சமையலறை அலமாரிகள் செய்யும் ஒரு பட்டறையில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருள்கள் இரண்டும் கைக்குப் பழகிவிட்டன. ஆனால் நான் வரைவதெல்லாம் வேறொருவர் தீர்மானித்து முடித்த அறைக்குள் அடங்க வேண்டிய பெட்டிகளைத்தான். அந்த அறை ஏன் அப்படி இருக்கிறது, கதவு ஏன் அந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகவே உள்ளக வடிவமைப்பில் முதுநிலை படிக்க எண்ணுகிறேன்.

வேலையை விட முடியாது. வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது. ஆகவே இணையவழிப் படிப்பு ஒன்றே எனக்குத் திறந்திருக்கும் வழி. என் ஐயங்கள் மூன்று. மரத்தையும் துணியையும் கல்லையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு துறையைத் திரை வழியாக எந்த அளவுக்குக் கற்க முடியும்? வேறு துறையில் இளநிலை முடித்தவருக்கு இந்தப் பட்டம் தொழிலில் நிற்குமா? பகுதிநேரமாகப் படித்தால் வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்? கல்வி நிறுவனங்களின் விளக்கக் கையேடுகளில் அழகான அறைகளின் படங்கள் நிறைய இருக்கின்றன; ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் மாணவர் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை.

---

ஏழாம் வரைவு எழுதியது:

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவிலிருந்தே தொடங்குகிறேன். இத்தகைய படிப்பொன்றை இரண்டரை ஆண்டுகளில் பகுதிநேரமாக முடித்தவள் நான். பெரும்பாலான இரவுகளில் விரிவுரை எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முந்தைய வாரம் ஆசிரியர் திருத்திய தரைப்படத்தை அழித்து மறுபடி வரைந்துகொண்டிருந்தேன். என் புனைபெயரின் காரணமும் அதுவே.

இந்தப் படிப்பின் உயிர் விமர்சன அமர்வில் இருக்கிறது. நம் வரைபடத்தைத் திரையில் விரித்து, ஆசிரியர் அதன் மேலேயே சிவப்புக் கோடு இழுத்துக் கேள்வி கேட்பார். நேர்வகுப்பில் பதற்றத்தில் பாதி காதில் ஏறாது. இங்கே பதிவு இருப்பதால் மூன்று நாள் கழித்து, கோபம் ஆறிய பிறகு, மறுபடி கேட்க முடிந்தது. இழப்பும் உண்டு. ஸ்டூடியோச் சுவரில் இருபது பேரின் அரைகுறை வரைபடங்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படும், பக்கத்து மேசைக்காரரின் தவற்றிலிருந்து கேட்காமலே பாடம் கிடைக்கும். திரையிலோ ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலைதான் தெரியும், அதுவும் முடித்து மெருகேற்றிய பிறகு. எங்கள் குழுவில் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தோம்: ஒவ்வொரு ஞாயிறு இரவும், எந்த நிலையில் இருந்தாலும், அவரவர் வரைபடத்தைப் பொதுவான ஓர் இணையப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. அதன்பின் அந்தப் பலகையில் கற்றது வகுப்பில் கற்றதைவிட அதிகம் என்றே சொல்வேன்.

ஆகவே சேர்வதற்கு முன், நேரலை அமர்வுகள் வாரத்துக்கு எத்தனை, உங்கள் நேரப்படி அவை எத்தனை மணிக்கு நடக்கும், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் பழைய விமர்சன அமர்வு ஒன்றின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பதிவுசெய்த விரிவுரைகளும் மதிப்பெண் தாளும் மட்டுமே உள்ள படிப்பென்றால், அது வடிவமைப்பைப் பற்றிய படிப்பாக இருக்குமேயன்றி வடிவமைப்புப் படிப்பாக இருக்காது.

பொருள்களைத் தொடுவது பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. திரை தானே ஒளியை உமிழ்வது; துணி தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. இரண்டும் ஒரே நிறத்தைக் காட்டும் என்று நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். பின்னர் மாதிரித் துண்டுகளை வரவழைத்தும் மறுபடி ஏமாந்தேன் என்பதுதான் வேடிக்கை. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ் அச்சு அசலாகப் பொருந்திய சாம்பல் நிறத் துணியும் சுவர்ப்பூச்சும் காலையில் சன்னலோரம் வைத்தபோது உறவே இல்லாதவை போலத் தெரிந்தன. துணி பச்சை பாரித்திருந்தது. ஓர் ஒளியில் ஒத்தும் மற்றொன்றில் பிரிந்தும் தெரியும் இந்தக் குணத்துக்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பெயரைப் பாடத்தில் படித்திருந்தேன். பொருள் அன்று காலைதான் விளங்கியது. நல்ல இணையவழிப் படிப்புகள் மாதிரிப் பெட்டிகளை வீட்டுக்கு அனுப்புகின்றன, அல்லது மாணவரே மாதிரிகளைச் சேகரித்து, வெவ்வேறு ஒளியில் பார்த்துக் குறிப்பெழுதுவதை மதிப்பெண்ணுக்குரிய பணியாக வைக்கின்றன. இரண்டும் இல்லாத இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனின் முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு, ஆக 1,800 மணி. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம், முதுநிலைக்குப் பொதுவாக 60 முதல் 120 கிரெடிட். 1,800 மணி நேரத்தை ஆண்டுக்கு 45 வாரம் வீதம் இரண்டாண்டுகளுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 20 மணி வரும். ஒப்படைப்பு நெருங்கும் வாரங்களில் இந்தச் சராசரி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

---

பகலொளி எழுதியது:

முதுநிலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களை மேற்பார்வையிடுவது என் வேலை. இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் பலர் பணத்தையும் ஆண்டுகளையும் இழக்கிறார்கள்.

முதுநிலை உள்ளக வடிவமைப்பு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு படிப்புகள் நடக்கின்றன. ஒன்று, பிற துறையிலிருந்து வருபவர்களுக்கு வரைதல், கட்டுமானம், ஒளியமைப்பு, கட்டட விதிகள் ஆகியவற்றை அடியிலிருந்து கற்பித்துத் தொழிலுக்குத் தயார்செய்வது. மற்றது, ஏற்கெனவே இத்துறையிலோ கட்டடக்கலையிலோ பட்டம் பெற்றவர்கள் ஏதேனும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆழமாக ஆராய்வது. இரண்டாவது வகையில் கணிதப் பட்டதாரி ஒருவர் தவறிச் சேர்ந்தால், வெட்டுத்தோற்றம் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போன்ற வரைபடம்) வரையவே திணறிக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் திணறல் இருக்காது என்றாலும், பட்டத்தின் வகை பிற்பாடு கணக்கில் வரும்.

எப்படியென்றால், வட அமெரிக்காவில் என்சிஐடிக்யூ என்ற தகுதித் தேர்வு உண்டு. அது மூன்று பகுதிகளைக் கொண்டது. உள்ளக வடிவமைப்பில் பட்டம் பெற்றவரும் தேர்வை நிறைவுசெய்யக் குறைந்தது 3,520 மணி நேரத் தொழில் அனுபவம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் உள்ளகக் கட்டடக் கலைஞர் என்ற பட்டப்பெயரைக் கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவுசெய்தவர்களே பயன்படுத்தலாம். இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லாத நாடுகளும் பல. ஆகவே நீங்கள் எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்து, அங்குள்ள பதிவு அமைப்பு இந்தப் பட்டத்தை, குறிப்பாக அதன் இணையவழி வடிவத்தை ஏற்கிறதா என்பதை அந்த அமைப்பிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கல்வி நிறுவனத்தின் சேர்க்கைப் பிரிவு தரும் வாய்மொழி உறுதிக்கு எந்தப் பெறுமானமும் இல்லை.

இத்தனை கட்டுப்பாடுகள் ஏன் என்று வியப்பவர்கள் உள்ளக வடிவமைப்பை அலங்காரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். தீ விபத்தில் வெளியேறும் வழியின் அகலமும், சக்கர நாற்காலி முழுச்சுற்றுத் திரும்பத் தேவைப்படும் ஏறக்குறைய 1,500 மி.மீ. விட்டமுள்ள வெற்றிடமும், வகுப்பறையின் எதிரொலியும் இந்தத் துறையின் பொறுப்புகள். எதிரொலி பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்று புகார் எழ, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் வேறொரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, இரவில் ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழலையும் நேரங்காட்டியையும் வைத்துக்கொண்டு, எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி ஒலி குறைகிறது என்று அளந்தார். ஒலியியல் வடிவமைப்பின் அடிப்படைச் சூத்திரம் அங்கிருந்து வந்தது. என் இணையவழி மாணவர்களுக்கு இதன் எளிய வடிவத்தைத்தான் கொடுக்கிறேன்: காலியான அறையில் ஒருமுறையும் போர்வை, மெத்தை, புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்த பின் ஒருமுறையும் கைதட்டி, அலைபேசியில் பதிவுசெய்து ஒப்பிட வேண்டும். தன் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கும் இந்த வாய்ப்பு வளாகத்தில் படிப்பவருக்கு அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

---

மூலைமட்டம் எழுதியது:

மேலே எழுதிய இருவரின் கருத்தோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பதினாறு ஆண்டுகளாகத் தளத்தில் நின்று வேலை வாங்குகிறேன். முதுநிலைப் பட்டத்தோடு வரும் இளைஞர்களின் ரெண்டரிங் படங்கள், அதாவது அறையைப் புகைப்படம் போலக் காட்டும் கணினிப் படங்கள், கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் மின்விசைப் பலகையோ, குளிர்சாதனத்தின் நீர் வடியும் குழாயோ, அலமாரிக் கதவு திறக்கும்போது இடிக்கும் நிலைப்படியோ ஒருபோதும் இருப்பதில்லை. வரைபடத்தில் எல்லாச் சுவர்களும் 90 பாகையில் சந்திக்கின்றன. தளத்தில் மூன்று மீட்டர் சுவர் ஒன்று, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 20 மி.மீ. விலகி நிற்பது அன்றாடச் செய்தி. இதைத் திரையில் எப்படிக் கற்பிப்பார்கள்?

கேள்வி கேட்டவர் பட்டறையில் இருப்பவர் என்பதால் நான் சொல்வது அவருக்குப் புரியும். கோணல் சுவருக்கும் அலமாரிக்கும் இடையிலான இடைவெளியை மறைக்கச் சுவரோரம் விடும் நிரப்புப் பட்டை எதற்கு என்று அவருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. படிக்கத்தான் வேண்டும் என்றால், தளப் பயிற்சியைக் கட்டாயமாக வைத்திருக்கும் படிப்பில் சேரட்டும். அது இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல லேசர் அளவியும் இரண்டாண்டு தள அனுபவமும் மேல்.

---

கிடைக்கோடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூலைமட்டம் அவர்கள் சொல்லும் நிரப்புப் பட்டையை நான் ஆயிரக்கணக்கில் வரைந்திருக்கிறேன். அந்த அனுபவம் மட்டும் போதும் என்றால் நான் இந்நேரம் வேறு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சுவர் கோணலாக இருப்பது எனக்குத் தெரியும். அந்தச் சமையலறையில் நிற்பவர் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை முறை திரும்புகிறார் என்பதை எவரும் என்னிடம் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தளப் பயிற்சி கட்டாயமாக உள்ள படிப்பு வேண்டும் என்ற அறிவுரையை ஏற்கிறேன்.

இன்னும் ஒரு சிறு கேள்வி. என்னிடம் இருப்பது பட்டறை கொடுத்த மடிக்கணினி. புதிதாக வாங்க வேண்டுமா? விண்ணப்பத்தோடு அனுப்பும் மாதிரி வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் அலமாரி வரைபடங்களை வைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியுமா?

---

ஏழாம் வரைவு எழுதியது:

மடிக்கணினி: கட்டட மாதிரி அமைக்கும் ரெவிட், முப்பரிமாணப் படம் உருவாக்கும் 3டிஎஸ் மேக்ஸ் ஆகிய மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸில் மட்டுமே நேரடியாக இயங்குபவை. தனி கிராஃபிக்ஸ் கார்டும் 32 ஜிபி நினைவகமும் இருந்தால் ரெண்டரிங் இரவுகள் குறையும். மென்பொருளுக்குத் தனியாகச் செலவிடாதீர்கள். இவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு ஓராண்டு இலவச உரிமம் தருகிறது, மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உரிமத்தில் பட்டறையின் கூலி வேலையைச் செய்யக்கூடாது. இரண்டையும் வேறு வேறு கணினியில் வைத்துக்கொள்வது நல்லது.

---

பகலொளி எழுதியது:

போர்ட்ஃபோலியோவுக்கு என் பதில்: அலமாரி வரைபடங்களையே வையுங்கள். விண்ணப்பங்களைப் படிக்கும் எங்களுக்கு, இணையத்தில் இறக்கிய நாற்காலிகளை நிரப்பிய கற்பனை வரவேற்பறைகள் அலுத்துவிட்டன. கீல் எங்கே விழுகிறது என்று தெரிந்து வரைந்த ஒரு வெட்டுத்தோற்றம் தனியாகத் தெரியும்.

நீங்கள் கேட்கத் தோன்றவில்லை என்று எழுதிய அந்தக் கேள்வியை 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் கேட்டார். வீட்டுவேலையின் ஒவ்வோர் அசைவையும் கணக்கிட்டு, ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்காக அவர் வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை, அந்நகரின் புதிய குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. ஒருவர் மட்டும் நின்று வேலை செய்வதற்கென்று அளந்த அந்த அறையில் இரண்டாமவர் உதவிக்கு வந்தால் நிற்க இடமில்லை என்ற குறை பின்னாளில் எழுந்தது. உங்கள் பட்டறையில் ஐந்தாண்டுகளில் வரைந்த சமையலறைகளில் எத்தனையில் இருவர் நிற்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள், உரிமையாளரின் அனுமதியோடு. அந்த எண்ணிக்கையையும் மூன்று தரைப்படங்களையும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தால், நேர்காணலில் உங்களிடம் பேசுவதற்கு எங்களுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.

---

மூலைமட்டம் எழுதியது:

எண்ணும்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து எண்ணவும். மூடிய கதவோடு எண்ணினால் எல்லாச் சமையலறையிலும் இருவர் நிற்கலாம்.